அந்த மாரி நீ எங்கே இருந்தாய்

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நீ என் சுகத்தைக் கேட்கவில்லை. ஆனபடியால் நானும் உன் சுகத்தைக் கேட்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புக்குப் போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகு நீ எழுதிய முதல் கடிதம், அதுவும் தந்தி மாதிரி நாலு வரி. வெளிநாட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, அவர்கள் சுகாதாரப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள், மனநோய்க்கு எப்போதாவது வைத்தியம் செய்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. கடைசியில், "இந்தமுறை என்ன எழுத, அம்மா?" என்று முடித்திருக்கிறாய். குத்தவேண்டும் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினாய். குத்தியது. சந்தோஷமாக இரு.

ஒரு சொல்லில் பதில் எழுதி முத்திரை ஒட்டியிருக்கலாம். ஆனால் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது, தெரிந்த பாதியையும் நீ பிழையாக வைத்திருக்கிறாய். நான் இருபது வருடத்துக்கு மேல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பிழை திருத்தியவள். சொந்தப் பிள்ளையைத் திருத்தாமல் விமானம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வாசிக்க வாசிக்கக் கோபம் வரும். வந்தால் கடிதத்தை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. கிழிக்காதே, கடுதாசி விற்கிற விலைக்கு நான் இரண்டாந்தரம் எழுதமாட்டேன்.

முதல் படிவத்திலிருந்து தொடங்குகிறேன். தெற்கே பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்து அந்த நீட்டுப் படிவம் வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். குசினிக்குப் பக்கத்து மேசையில் நான், எதிர்க் கதிரையில் நீ. காசநோய் உண்டா, வலிப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து, மனநோய் உண்டா என்ற இடத்தில் வந்து நின்றது. பொருந்தாததை வெட்டிவிடுக என்று போட்டிருந்தது. நான் அடிமட்டத்தை எடுத்து வைத்து 'ஆம்' என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தேன். "அம்மா, பிறகு பிடிச்சா?" என்று கேட்டாய். "ஆர் பிடிக்கிறது? அவைக்கு வேறை வேலை இல்லையே?" என்றேன். அவ்வளவுதான். நீ கையெழுத்து வைத்தாய். ஊர் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, பல்லைப் பார்த்து, முத்திரை குத்தினார். காரைநகர்ப் பெடியன் ஒருவன் உண்மையை எழுதப்போய் ஒரு வருடம் இழுபட்டான் என்று ஒரு கதை அப்போது உலவியது. கதைதான். அந்தப் பெடியனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு தாய்க்குப் பயப்படுவதற்கு ஆளைக் காணவேண்டும் என்றில்லை.

அந்தக் கோட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைய நிலையில் இந்தத் தீவில் எந்தத் தாயும் அந்தக் கோட்டை இழுத்திருப்பாள். சிலருக்குக் கோணியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நம்மைக் கெடுத்தது கோடு அல்ல. அதற்கு முன்னால் வேறொரு பொய் இருந்தது. அந்தப் பொய்யை நான் வாயால் சொல்லவே இல்லை. நீயும் சொல்லவில்லை. ஊர் சொன்னது, நாம் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் இருந்த உன் அப்பாவின் கடையை எரித்தார்கள். அவரும் நீயும் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினீர்கள். அவர் அடுத்த வருடம் நெஞ்சடைத்துப் போனார். அந்த வருட மாரிமழை தொடங்க, நீ நித்திரை கொள்வதை விட்டாய். பிறகு சாப்பாட்டை விட்டாய். வானொலியில் செய்தி வாசிக்கிறவன் உன் பெயரையும் கடை இருந்த தெருவின் பெயரையும் சொல்கிறான் என்றாய். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன், அவன் வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ரேடியோவைக் காணவில்லை. கிணற்றுக்குள் போட்டிருந்தாய். நம் புளியங்கூடலில் நல்ல தண்ணீர் உள்ள கிணறு எத்தனை என்று உனக்குத் தெரியும். நம் கிணற்றில் நாலு வீடு அள்ளியது. பக்கத்து வீட்டுக் கிளியக்காவின் வாளியில்தான் அது அகப்பட்டு மேலே வந்தது.

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய், பாலம் தாண்டிப் பெரியநிலத்தில் ஒரு ஆசுப்பத்திரியில் சேர்த்தேன். ஊருக்குத் தெரியாமல் கூட்டிப்போனேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது கிளியக்கா குடத்தோடு வந்தாள். "தம்பியைக் காணேல்லை ரீச்சர்," என்றாள். நான் இன்னொரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "போட்டானோ?" என்று கேட்டாள். அந்த நாட்களில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். விடியப்புறத்தில் காணாமற்போகிற பெடியன் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியிருப்பான், இயக்கத்தில் பயிற்சி எடுக்கப் போயிருப்பான். எனக்கு அழுகை வந்தது. உன்னை அந்தக் கட்டிலில் விட்டுவிட்டு வந்ததற்குத்தான் அழுதேன். அவள் என் தோளைப் பிடித்து, "அழாதேங்கோ ரீச்சர். உங்கட பிள்ளை மட்டுமே போனது? எங்கட சனத்துக்காகத்தானே," என்றாள். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். என்ன சொல்வது? அவன் போராடப் போகவில்லை, அவனுக்கு விசர் என்று சொல்வதா? கிளியக்காவிடம் சொன்னால் காற்றுக்கு வேலை இல்லை. நான் அழுதுகொண்டே நின்றேன். பொழுது படுவதற்குள் நான் ஒரு வீரனின் தாய் ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு இந்த ஊர் என்னை நடத்திய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பஸ்ஸில் எழும்பி இடம் தந்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மாவுக்கு வரிசையில் நின்றால், "ரீச்சரை முன்னுக்கு விடுங்கோ," என்றார்கள். கிளியக்கா முட்டை கொண்டுவந்து தந்தாள். அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கே அவள் முட்டை காட்டியதில்லை. கிணற்றுக்குள் இருந்து வந்த ரேடியோவுக்கும் விளக்கம் கண்டுபிடித்தார்கள். அது ரேடியோ அல்லவாம், இயக்கக்காரர் தங்களுக்குள் கதைக்கிற வோக்கியாம், ஆமி தேடி வந்தால் பிடிபடாமல் இருக்க நீ போட்டுவிட்டுப் போனாயாம். உன் அப்பா தவணைக் காசு கட்டி வாங்கிய ரேடியோ அது. நான் அந்த மரியாதையை எல்லாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு உன் வார்ட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

மாரி முடிந்து நீ திரும்பி வந்தாய். பேன் என்று ஆசுப்பத்திரியில் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மருந்துக் குளிசைக்கு உடம்பு ஊதியிருந்தது, கை நடுங்கியது, கால் தடித்தவன்போல் நடந்தாய். ஊர் பார்த்து, "அங்கை நல்ல சாப்பாடு போல," என்றது. உன் கைநடுக்கம் சுட்டுப் பழகத் துவக்குத் தூக்கிய நடுக்கம் என்று வாசிகசாலையில் ஒருவன் விளக்கம் கொடுத்தானாம். எந்த இயக்கம் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. அப்போது இருந்த இயக்கங்களில் ஒவ்வொன்றும் நீ மற்றதில் பயிற்சி எடுத்தவன் என்று நினைத்துக்கொண்டது. அன்றிரவு நான் உன்னிடம், "தம்பி, சனம் வேறை மாதிரிக் கதைக்குது, நான் சொல்லிவிடப்போறன்," என்றேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "விடுங்கோ அம்மா. என்னை மரியாதையாப் பாக்கினம்," என்றாய். சந்தியில் பெடியள் உன்னை அண்ணை என்று கூப்பிட்டார்கள். நீ நெஞ்சை நிமிர்த்தி நடந்தாய். டொக்டரின் குளிசை செய்யாததை அந்தப் பொய் செய்தது. ஒரு தாயாக நான் அதைப் பறிப்பேனா? ஆசுப்பத்திரியில் தந்த கிளினிக் கொப்பியை அடுப்பில் வைத்தேன். ஊரில் ஒருவரும் காணக்கூடாது என்று நான் வைத்தேன், நீ பார்த்துக்கொண்டு நின்றாய். ஆகவே என்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. பக்கத்தில் இடம் இருக்கிறது, நீயும் ஏறு.

உன் மாமாவும் அந்தக் காலத்தில்தான் வந்தான். கூடப்பிறந்த தம்பி, ஊருக்கு விதானையார், அரசாங்க முத்திரை அவன் கையில், அதுவரைக்கும் ஒரு கொத்து அரிசிக்கு உதவாதவன். மகளின் கலியாணம் பேச வந்து கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, "அக்கா, வதனி எங்கட மருமோனுக்குத்தான். வேறை இடம் பாக்கமாட்டன்," என்றான். அவனுக்கு மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "அது ஆருக்கும் தெரியாதுதானே அக்கா," என்றான். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்படி இருக்கத்தான் படிவம் வந்தது, நான் கோடு இழுத்தேன், நீ தெற்கே போனாய். இல்லை என்று எழுதியவன் பல்கலைக்கழக டொக்டரிடம் போய்க் குளிசை கேட்க முடியாது. ஆகவே ஊரிலிருந்து போகிறவர்களிடம் நான் மிளகாய்த்தூள் போத்தல் கொடுத்துவிட்டேன், தூளுக்கு நடுவில் குளிசையைப் பொலித்தீனில் சுற்றி வைத்து. ஒரு தாய் மகனுக்கு மருந்து அனுப்பிய சீரைப் பார். கள்ளச் சாராயம் கடத்துகிறவன்கூட இவ்வளவு பயப்படமாட்டான்.

உன் அறையில் இருந்த வேலணைப் பெடியன் கெட்டவன் அல்ல. உன்மேல் உள்ள பெருமையில்தான் மற்றவர்களிடம், "எங்கட ஊர் அண்ணை, ட்ரெயினிங் எடுத்தவர்," என்று சொல்லியிருக்கிறான். அது எங்கெங்கோ சுற்றிப் பொலிசுக்குப் போனது. உன்னைப் பிடித்தார்கள். எண்பத்துநாலு மாரியில் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். நீ முதலில் ஊரில் என்றாய். ஊரில் நீ இல்லை என்று சொல்ல அவர்களிடம் ஆள் இருந்தது. அடித்த பிறகு ஆசுப்பத்திரியில் என்றாய். மிளகாய்த்தூளுக்குள் இருந்த குளிசையைக் காட்டிக் கேட்டபோது மட்டும் விற்றமின் என்றாய். அடியையும் வாங்கிக்கொண்டு வருத்தத்தின் பெயரை மட்டும் விழுங்கினாய்.

நான் பஸ்சும் லொறியும் மாறி மாறி ஏறி அங்கே வந்தேன். உன்னைக் காட்டவில்லை. தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு பொலிஸ் அதிகாரி என்னை வாங்கில் இருத்தினார். மரியாதையான மனிதர், அதுதான் இன்னும் கொதிப்பு. நீ ஆசுப்பத்திரியில் இருந்ததை நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கோவையைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நமது படிவம். என் கோடு. "அம்மா, மகன் சைன் பண்ணியது. வருத்தம் இல்லை, ஒருநாளும் இல்லை. இப்ப நீங்க வருத்தம் சொல்றது. எது பொய்?" என்று கேட்டார். நான் வகுப்பில் ஆயிரம் பிள்ளைகளைக் கேட்டிருப்பேன் அந்தக் கேள்வியை. அன்று பிடிபட்டு நின்ற பிள்ளை நான்.

கடுதாசி கொண்டுவந்தால் பார்ப்போம் என்றார்கள். ஆசுப்பத்திரிக் கடிதம் ஒன்று, நீ இயக்கத்துக்குப் போகவில்லை என்று ஊர் விதானையாரின் உறுதிக் கடிதம் ஒன்று. திரும்பி வந்தேன். சண்டை நடந்ததால் பண்ணைப் பாலத்தால் போகமுடியாத நேரம். வள்ளத்தில் அராலிப் பக்கம் போய் இறங்கி, நடந்து, ஆசுப்பத்திரிக்குப் போனேன். உன்னைப் பார்த்த டொக்டர் பழைய பதிவைத் தேடி எடுத்துக் கடிதம் எழுதித் தந்தார். தரும்போது, "ரீச்சர், முதல் படிவத்திலேயே எழுதியிருந்தா நான் அவைக்கு ஒரு கடிதம் போட்டிருப்பன். சேர்த்திருப்பினம்," என்றார். சேர்த்திருப்பார்களா, மாட்டார்களா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு வள்ளத்தில் திரும்பி வந்த வருகை இருக்கிறதே, அப்படி எந்தத் தாயும் வரக்கூடாது.

இனி வருவது உனக்குத் தெரியாத பாதி. அந்த ஆசுப்பத்திரிக் கடிதத்தோடு நான் நேரே போனது உன் மாமா வீட்டுக்கு. அவன் எழுதவேண்டியது இரண்டு வரி. அவன் எழுதவில்லை. இன்றைக்கு முத்திரை இல்லை, நாளைக்கு வா என்றான். நாளைக்குப் போனால் அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போய்விட்டான். இப்படியே நாட்கள் போயின. உனக்கு அங்கே அடி விழுந்துகொண்டிருந்த நாட்கள் தம்பி அவை. கடைசியில் வழிமறித்துக் கேட்டபோது சொன்னான், "அக்கா, எழுதமாட்டன் எண்டு சொல்லேல்லை. யோசிச்சுப் பாருங்கோ. இயக்கமெண்டு பிடிச்சவனை ஒரு நாளைக்கு விடுவாங்கள். பெருமையோட வருவான். விசரெண்டு என்ர கையால எழுதி முத்திரை குத்தினா, அதிலயிருந்து அவனை ஆர் விடுவிக்கிறது? வதனியை நினைச்சுப் பாத்தனீங்களோ?" நான் சொன்னேன், "அவனுக்கு அடிக்கிறாங்களடா." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எல்லாப் பெடியளுக்கும்தான் அடிக்கிறாங்கள்," என்றான்.

இவன் என் தம்பி. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்.

அன்று வீட்டுக்குப் போய் ஒன்றும் சமைக்கவில்லை. அவனை எழுதவிடாமல் வைத்திருப்பது என்ன என்று யோசித்தேன். ஊருக்குத் தெரியாது என்ற அந்த ஒன்றுதான். தெரிந்துவிட்டால் மறைக்க ஒன்றும் இருக்காது. அடுத்தநாள் சங்கக்கடையில் மா கொடுத்தார்கள். சனம் மதில்வரைக்கும் நின்றது. உன் மாமா கூப்பன்களைச் சரிபார்க்க வாசலில் கதிரை போட்டு இருந்தான். வழக்கம்போல, "ரீச்சரை முன்னுக்கு விடுங்கோ," என்றார்கள். நான் முன்னுக்குப் போய், சனத்தின் பக்கம் திரும்பி நின்று, டொக்டரின் கடிதத்தை வாசித்தேன். இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் சொன்னேன், பிறகு விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லக்கூடாது. உன் பெயர், உன் அப்பா பெயர், வருத்தத்தின் பெயர், அந்த மாரி முழுவதும் நீ தங்கியிருந்த விடுதி. வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கிற குரலில் வாசித்தேன். முடிய, கிளியக்காதான் கேட்டாள், "அப்ப ரீச்சர், அந்த வோக்கி?" நான் சொன்னேன், "அது ரேடியோ, கிளி. நாங்கள் செய்தி கேட்ட ரேடியோ." பிறகு உன் மாமாவைப் பார்த்து, "இனி எழுது," என்றேன். எழுதினான். கை நடுங்கியது. துவக்குத் தூக்கிய நடுக்கம் என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த இரண்டு கடுதாசியும் போய்ச் சேர, உன்னை விட்டார்கள். நீ திரும்பி வந்த நாள் பஸ் சந்தியில் ஒரு குருவி நிற்கவில்லை. ஆசுப்பத்திரியிலிருந்து வந்தபோது வேலிக்கு வேலி தலை தெரிந்த ஊர், சிறையிலிருந்து அடிபட்டு வந்தவனுக்குப் படலையைச் சாத்திக்கொண்டது. மாமா வதனிக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டான். துவக்குத் தூக்கினவனுக்குப் பெண் கொடுப்பார்கள், குளிசை குடித்தவனுக்குக் கொடுக்கமாட்டார்கள். இந்தத் தீவைப்பற்றி நான் படித்து முடித்த பாடம் அது ஒன்றுதான்.

நான் அதைக்கூடப் பொறுத்தேன். உன்னைத்தான் பொறுக்க முடியவில்லை. சங்கக்கடையில் நான் வாசித்ததைச் சந்தியில் யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் வந்து பையைக்கூட வைக்காமல் கேட்டாய், "என்னை என்னத்துக்கு வெளியில எடுத்தனீங்கள்? உள்ளுக்க இருந்த பெடியள் என்னை அண்ணை எண்டு கூப்பிட்டவங்கள்." நான் உன் கன்னத்தில் அறைந்தேன். உன் முதுகில் இருந்த தழும்புகளை நான் அப்போது பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தாலும் அறைந்திருப்பேன். அடுத்த கிழமை நீ கொழும்புக்குப் போனாய். அதற்குப் பிறகு இந்த நாலு வரிதான்.

இப்போது இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலத்தில் இந்தியாவிலிருந்து வந்த, வேறு பாஷை பேசுகிற ஆமி நிற்கிறது, அது உனக்குத் தெரிந்ததே. தெரியாதது, போன கிழமை உன் மாமா வந்தது. உன் கடிதம் என் கைக்கு வந்த அடுத்தநாள், பயத்தம்பணியாரத்தோடு வந்தான். நீ வெளியில் போகப்போகிற கதை கொழும்பு லொட்ஜில் இருக்கிற நம்மூர்ச் சனத்தால் எனக்கு முன்னமே அவனுக்குத் தெரிந்திருந்தது. "பழசை மறப்பம் அக்கா. வதனிக்கும் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை. அவன் போய்க் கூப்பிட்டா அனுப்பிவிடுறன்," என்றான். இடம் வெளிநாடு என்றதும் விசர் சுகமாகிவிட்டது. எழும்பிப் போகும்போது படலையடியில் நின்று, "அந்தப் படிவத்திலை மட்டும் ஒண்டும் எழுதவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஒரு கோடுதானே. நீங்கள் அடிக்கிற கோடு நல்ல நேரா இருக்கும்," என்றான். பணியாரத்தை முகத்தில் எறிந்தேன் என்று நினைக்காதே. நல்ல பதமாக இருந்தது, இரண்டு தின்றேன். வதனி செய்ததாம். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. நான் கடிதம் வாசித்த பிறகு இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான் வேலிக்கு வந்து, "மச்சான் குளிசை ஒழுங்காக் குடிக்கிறாரோ மாமி?" என்று கேட்டாள். அவளைக் கட்டுவதும் விடுவதும் உன் பாடு. தகப்பனுக்காகக் கட்டாதே, தகப்பனுக்காக விடவும் வேண்டாம்.

குளிசையை நீ இப்போது ஒழுங்காக எடுக்கிறாயா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் ஓம் என்பாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாட்டுக்கு என்னால் மிளகாய்த்தூள் அனுப்ப ஏலாது. அங்கே உனக்கு ஒருநாள் மறுபடி நித்திரை வராமல் போனால், செய்தி வாசிக்கிறவன் மறுபடி உன் பெயரைச் சொன்னால், அவனுக்கு உன் பெயர் தெரியாது என்று சொல்ல நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். ஒரு டொக்டரிடம் நீயாக நடந்து போகவேண்டும். இல்லை என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அந்தக் கதவைத் தட்ட எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஆகவே கேட்டதற்குப் பதில்: ஓம் என்று எழுது. உண்மை வெல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மை வென்றதை நான் கண்டதில்லை. அது உன்னைச் சிறையிலிருந்து கொண்டுவந்து வெறும் சந்தியில் இறக்கிவிட்டுப் போனது. எழுதினால் அவர்கள் உன்னைச் சேர்க்காமலும் விடலாம். விட்டால் விடட்டும், திரும்பி வா. மா வரிசையில் இப்போது நான் கடைசியில்தான் நிற்கிறேன், பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. பொலிஸ் தபாலில் திருப்பி அனுப்பிய டொக்டரின் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். சங்கக்கடை மா ஒட்டியிருக்கும், தட்டிவிட்டு அனுப்பு.

நான் ஊர்ச் சனத்துக்கு முன்னால் வாசித்தேன் என்பதுதானே உன் கோபம். உன்னுடையதை நான் எடுத்து வாசித்துவிட்டேன் என்பதுதானே. சரி. அந்தக் கோபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், அது ஒன்று மட்டும் நியாயமான கோபம். முதல்முறை உனக்காக நான் கோடு இழுத்தேன். இரண்டாம்முறை உனக்காக நான் வாசித்தேன். இந்தமுறை என் கை அதில் படாது. அந்தக் கேள்விக்குக் கீழே விவரம் எழுத இடம் விட்டிருப்பார்கள். அந்த மாரி நீ எங்கே இருந்தாய் என்று ஊர் ஒன்று சொன்னது, பொலிஸ் ஒன்று சொன்னது, நான் ஒன்று சொன்னேன். நீ இன்னும் சொல்லவில்லை, தம்பி. அந்த இடத்தில் எழுது.

அம்மா